கூண்டைக் கழுவியும் போகாத மருந்து: டி.டி.டி. கேள்வி பதில்

மலேரியா ஒழிப்பில் பூச்சியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கல்லூரி மாணவி, நெல்லை: "அறிவியல் வரமா, சாபமா" என்று பேச்சுப் போட்டி. டி.டி.டி.யை வைத்து இரண்டு பக்கத்துக்கும் ஐந்தைந்து பாயிண்ட் தர முடியுமா ஐயா?

அப்படிப் பிரிக்க வராதம்மா. அதன் நல்லதும் கெட்டதும் ஒரே குணத்திலிருந்து வந்தவை: சீக்கிரம் சிதையாது. 1874லேயே அதை ஆய்வுக்கூடத்தில் தயாரித்துவிட்டார்கள்; பூச்சியைக் கொல்லும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1939ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், கெய்கி கம்பெனி வேதியியலாளர் பால் முல்லர் அதைக் கூண்டில் அடைத்த ஈக்களிடம் சோதித்தார். ஈக்கள் செத்தன. கூண்டை நன்றாகக் கழுவிவிட்டுப் புது ஈக்களை விட்டார். அவையும் கூண்டின் பக்கங்களைத் தொட்டதும் பொத்துப் பொத்தென்று விழுந்தன. கூண்டைப் பிரித்துக் கழுவி, ஒரு மாதம் வெளியில் காற்றாடப் போட்ட பிறகுதான் அடுத்த சோதனைக்கே போக முடிந்தது.

1943–44 குளிர்காலத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸில் பேன் மூலம் டைஃபஸ் காய்ச்சல் பரவியபோது, பத்து லட்சம் பேருக்கு மேல் சட்டைக்குள் இந்தத் தூளை அடித்தார்கள். நோய் அடங்கியது. முல்லருக்கு 1948ல் மருத்துவ நோபல். போட்டியில் அந்தக் கூண்டைப் பற்றிப் பேசு, போதும்.

இராமநாதபுரத்திலிருந்து ஒருவர்: பாட்டி காலத்தில் வீட்டுச் சுவரில் மருந்தடித்து, கதவோரம் தேதி எழுதிவிட்டுப் போவார்களாம். கமாக்சின் பவுடர்தானே அது?

கமாக்சின் வேறு, அது பி.எச்.சி. என்ற இன்னொரு பூச்சிமருந்து. சுவருக்கு அதையும் அடித்ததுண்டு, ஆனால் பெரும்பாலும் டி.டி.டி.தான். இரண்டும் வெள்ளைத் தூள் என்பதால் ஊரில் ஒரே பெயரில் அழைத்துவிட்டார்கள்.

ஏன் சுவர் என்றால், மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசு இரத்தம் குடித்தபின் வயிறு கனத்து, பக்கத்துச் சுவரில் போய் உட்காரும். அங்கே சதுர மீட்டருக்கு 1 கிராம் மருந்து படிந்திருந்தால் போதும், பல மாதங்களுக்குத் தாங்கும். தேதி எழுதுவது அடுத்த சுற்று எப்போது என்று தெரிவதற்கு. சுதந்திரம் வாங்கிய காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 7.5 கோடிப் பேருக்கு மலேரியா வந்துகொண்டிருந்த நாடு இது. 1960களின் நடுவில் அது 1 லட்சம் அளவுக்கு இறங்கியது. அந்தப் பெருமையில் பெரிய பங்கு இந்தச் சுவர் வேலைக்கு. 1976ல் மறுபடி 64 லட்சம்.

வவுனியாவிலிருந்து ஓர் ஆசிரியர்: இலங்கையில் மலேரியா முற்றாக ஒழியும் நிலைக்கு வந்து பிறகு திரும்பியது ஏன்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். 1934–35ல் உங்கள் தீவில் மலேரியா சுமார் 80,000 பேரைக் கொண்டுபோனது. 1946ல் 28 லட்சம் நோயாளிகள். டி.டி.டி. அடிக்க ஆரம்பித்து, 1963ல் 17 பேர். பதினேழே பேர்! இனி எதற்குச் செலவு என்று 1964ல் மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். காய்ச்சல்காரர்களிடம் இரத்தம் எடுத்துப் பார்க்கும் கண்காணிப்பும் தளர்ந்தது. அடுத்த சில வருடங்களில் மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கின. அங்குள்ள அனாபிலஸ் குலிசிபேசிஸ் கொசுவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. 1968–69ல் நோயாளிகள் 5 லட்சத்தைத் தாண்டினார்கள்.

மறுபடி டி.டி.டி.யை எடுத்தால், கொசுவுக்கு எதிர்ப்புச் சக்தி வந்திருந்தது. 1970களில் மாலத்தியான் என்ற வேறு பூச்சிமருந்துக்கு மாறினார்கள். இந்த முறை அதை விவசாயத்துக்கு விடாமல் மலேரியாவுக்கென்றே ஒதுக்கினார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது. 2016ல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது.

பெயர் வேண்டாம் என்றவர்: ரேச்சல் கார்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி புத்தகம் எழுதி டி.டி.டி.க்குத் தடை வாங்கியதால் லட்சக்கணக்கானோர் மலேரியாவில் செத்ததாக வாட்ஸ்அப்பில் வந்ததே?

எனக்கும் வந்தது. அந்தப் புத்தகம் 1962ல் வந்தது, அமெரிக்காவில் தடை 1972ல். இலங்கையில் நடந்ததைத்தான் மேலே சொன்னேனே, அதில் புத்தகத்துக்கு வேலையே இல்லை. தடையும் பயிருக்குத்தான். இந்தியா 1989ல் விவசாயத்தில் நிறுத்தியது, மலேரியாவுக்கு அடிப்பதை நிறுத்தவில்லை. சீக்கிரம் சிதையாத நச்சுகளைக் கட்டுப்படுத்தும் 2001 ஸ்டாக்ஹோம் ஒப்பந்தமும் நோய் பரப்பும் பூச்சிகளுக்கு விலக்கு தந்திருக்கிறது.

நிஜத்தில் சுவர் மருந்தைக் கெடுத்தது வயல். வீட்டுக்குள் கிராம் கணக்கு. பருத்திக் காட்டில் டன் கணக்கு. அது வழிந்து தண்ணீரில் கலக்க, மருந்தைத் தாங்கக்கூடிய கொசுப்புழுக்கள் மட்டும் தப்பின. அவற்றின் வாரிசுகள்தான் பிறகு சுவரில் வந்து உட்கார்ந்தன.

பறவை ஆர்வலர், கோத்தகிரி: நம் பாறு கழுகுகள் அழிந்ததும் டி.டி.டி.யால்தானே?

இல்லை. டி.டி.டி. கொழுப்பில் தங்கும். சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு, அதிலிருந்து பறவைக்கு என்று ஏற ஏற அளவு கூடும். பறவையின் உடம்பில் அது டி.டி.இ. ஆக மாறி முட்டை ஓட்டை மெலிய வைக்கும். தாய் அடைகாக்க உட்கார்ந்தால் முட்டை நொறுங்கிவிடும். அமெரிக்காவின் வெண்தலைக் கழுகு அப்படித்தான் அருகியது.

நம் பாறு கழுகுகளுக்கு எமன் டைக்ளோபினாக். மாட்டுக்குப் போட்ட வலி மருந்து. அந்த மாடு செத்து, அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 2006ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். மெலாக்சிகாம் என்ற மாற்று கழுகுக்குக் கெடுதல் செய்வதில்லை. காரணத்தைக் கண்டுபிடித்ததும் அறிவியல்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

குறும்புக்காரர் ஒருவர்: போர்னியோவில் டி.டி.டி.யால் பூனைகள் செத்து, எலி பெருகி, பதினாலாயிரம் பூனைகளைப் பாராசூட்டில் இறக்கினார்களாமே?

1960ல் சரவாக் மலைப்பகுதியில் பிரிட்டிஷ் விமானப்படை சில பூனைகளை இறக்கியது உண்மை. பதினாலாயிரம் பூனை என்பது கைச்சரக்கு.

இளைஞர், சேலம்: பூச்சிகள் இந்த மருந்தைத் தாக்குப்பிடிக்கும் என்று விஞ்ஞானிகளுக்கு முன்பே தெரியாதா?

தெரியும் தம்பி. சாகாத வீட்டு ஈக்களை 1946–47லேயே ஸ்வீடனிலும் இத்தாலியிலும் பார்த்துவிட்டார்கள். முல்லருக்கு நோபல் தருவதற்கு முன்பே! ஆனால் எங்கே, எவ்வளவு அடிப்பது என்பதை முடிவு செய்தது ஆய்வுக்கூடம் இல்லை. விலை மலிவு, விளைச்சல் கண்ணெதிரே. யார் நிறுத்துவார்கள்?

இல்லத்தரசி, சென்னை: கொசுத் தொல்லை தாங்கவில்லை. டி.டி.டி. எங்கே வாங்கலாம் அண்ணா?

வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம்மா. புற்றுநோய் வரவழைக்க வாய்ப்பு அதிகம் என்ற பட்டியலில் 2015ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைச் சேர்த்திருக்கிறது. உங்களைக் கடிப்பது பெரும்பாலும் சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ்; அதற்கு ஜன்னல் வலையும் கொசுவலையும் போதும். டெங்கு கொசு சுவரைவிடத் துணிக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும்தான் அதிகம் ஒளியும். சென்னையில் மலேரியாவைப் பரப்பும் ஸ்டீபன்சி கொசு கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் முட்டையிடும். மாடியேறி மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். ஓவர்ஃப்ளோ குழாய் வாயில் வலை கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.