பதில்: கோட்டை வாசல் கல்வெட்டும் தரம் 10 பிள்ளைகளும்

ரீச்சர், திருகோணமலை பிரெடெரிக் கோட்டை வாசல் கல்லில், குளக்கோட்டன் மன்னன் செய்த கோணேசர் கோயில் திருப்பணியைப் பின்னர் பறங்கி (போர்த்துக்கேயர்) பிடிப்பதை முன்கூட்டியே சொல்வதாக வரும் ‘முன்னே குளக்கோட்டன்’ வெண்பா முழுதாக இருப்பதாகப் பிள்ளைகள் எழுதுகிறார்கள் என்றீர்கள். காரணம், பாட்டை முதலே சொல்லிவிடுவதுதான். தெரிந்த பாட்டைக் கண் தானாகவே கல்லில் தேடி வாசிக்கும். அங்கே எஞ்சியிருப்பது சிதைந்த சில எழுத்துகளும் பாண்டியரின் இரட்டை மீன் சின்னமுமே.

முதல் 15 நிமிடம் தெரியும் எழுத்தை மட்டும் கொப்பியில் வரையட்டும். தெரியாத இடத்தில் புள்ளி. வெண்கட்டி பூச விடாதீர்கள், கல் கெடும். டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து எழுத்து துலங்கும். பிறகு வெண்பாவைக் கொடுத்து, கல்லில் உள்ளது, வாய்வழி வந்தது என்று இரண்டு நிறத்தில் கோடிடச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி: கோணேசர் கோயில் 1620களின் முற்பகுதியில் போர்த்துக்கேயரால் இடிபட்டது, அப்படியானால் வெண்பாவின் ‘பறங்கி பிடிக்க’ என்ற வரி எப்போது எழுந்திருக்கும்? வாசலில் பதித்த கல் முதலில் எங்கிருந்தது என்பதையும் அதோடு கேளுங்கள்.