கோயா வரைந்த சிறுவன் ஓவியத்தில் போர்ப் பொம்மைகள் ஏன்?

ஸ்பெயின் ஓவியர் கோயா வரைந்த சிறுவன் பெப்பீத்தோ கோஸ்தாவின் ஓவியத்தைக் கேட்கிறீர்கள். அதன் காலத்தைப் பாருங்கள்: சுமார் 1810. நெப்போலியனின் படைகள் ஸ்பெயினுக்குள் புகுந்து, 1808 முதல் 1814 வரை நாடே போர்க்களமாக இருந்தது. அப்போது ஒரு பையனின் காலடியில் பொம்மை முரசும் பயோனெட் (முனையில் பொருத்தும் கத்தி) வைத்த பொம்மைத் துப்பாக்கியும் கிடந்ததில் வியப்பில்லை. கையில் பொம்மைக் குதிரையின் கயிறு.

இதே கோயா 1787-88இல் வரைந்த சிவப்பு உடைச் சிறுவன் மனுவேலின் கையிலும் ஒரு கயிறு உண்டு. அதில் கட்டியிருப்பதோ உயிருள்ள ஒரு பறவை. பின்னால் பூனைகள் கண் இமைக்காமல் அதையே பார்க்கின்றன! எனக்கு அந்தப் படத்தைவிட பெப்பீத்தோதான் மனதைப் பிசைகிறான். அவனுக்கு அந்தப் போர்ப் பொம்மைகள் வெறும் விளையாட்டு. போரின் கோரங்களைச் செதுக்கோவியங்களாக்கிக்கொண்டிருந்த கோயாவுக்கு அப்படி இருந்திருக்காது. இரண்டு படங்களும் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.