அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கைத்துப்பாக்கிப் பதிவுக்கான 10 நாள் கெடு தாண்டிவிட்டது, கைது செய்வார்களா?

இதற்காகக் கைது செய்ய மாட்டார்கள், முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். மிச்சிகன் சட்டப்படி, கைத்துப்பாக்கி வாங்கியவர் விற்பனைப் பதிவுப் படிவத்தை 10 நாளுக்குள் உள்ளூர் போலீசிடமோ ஷெரிஃப் (கவுண்டி போலீஸ் தலைவர்) அலுவலகத்திலோ சேர்க்க வேண்டும், நேரிலும் கொடுக்கலாம், தபாலிலும் அனுப்பலாம். தவறினால் அது கிரிமினல் குற்றம் ஆகாது, சிவில் விதிமீறல்தான். அபராதம் அதிகபட்சம் 250 டாலர்.

அதனால் இன்றே போன் செய்து, தாமதமாகிவிட்டது என்று நேராகச் சொல்லிவிட்டுப் படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள். துப்பாக்கியைக் கையோடு எடுத்துப் போக வேண்டாம், காகிதம் போதும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்: கெடுவுக்குள் வருகிற மாதிரி வாங்கிய தேதியை மாற்றி எழுதுவது. தாமதம் வெறும் அபராதத்தோடு போகும், ஆனால் அந்தப் பதிவில் முக்கியமான விவரத்தைப் பொய்யாக எழுதினால் அது பெருங்குற்றம், 4 ஆண்டு வரை சிறை உண்டு. 250 டாலருக்குப் பயந்து இதில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், படிவத்தின் உங்கள் நகலைப் பத்திரமாக வையுங்கள். துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் இருந்தால், போவதற்கு முன் ஒரு வக்கீலிடம் பேசிவிடுங்கள், ஏனென்றால் நீதிமன்றம் விதிமீறலை உறுதிசெய்தால் அந்தத் தகவல் உரிமம் தருபவர்களுக்கும் போகும்.