கைத்தையலும் மிஷின் தையலும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விக்டோரியா காலத்து ஆங்கிலேயப் பெண் ஒருத்தியின் பட்டு மேல்சட்டையை உட்புறம் திருப்பிப் பார்த்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 1880களின் தொடக்கத்தில் தைத்தது என்கிறீர்கள். ஆனால் உள்ளே பெரும்பகுதி கைத்தையல் என்றும் சொல்கிறீர்கள். சிங்கர் மிஷின் 1851இலேயே வந்துவிட்டதே? அப்படியானால் உங்கள் சட்டை அதற்கு முந்தையதாக இருக்காதா? இருபது வருடமாக ரவிக்கை தைக்கிறேன், அதனால் கேட்கிறேன்.

வாசகி, ஈரோடு

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் சொன்ன ஆண்டு சரி. அதற்கும் முன்பு, 1846இலேயே எலியாஸ் ஹோவ் என்ற அமெரிக்கர் தையல் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் மிஷின் வந்தபின் கைத்தையல் நின்றுவிடவில்லை. நீளமான இணைப்புகளை மிஷினில் ஓட்டிவிட்டு, மிச்சத்தையெல்லாம் கையால் முடிப்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். என் சட்டையிலும் முதுகு, பக்கவாட்டு இணைப்புகள் மிஷின் தையல். பிசிறு அடங்க ஓரம் சுற்றியது, கொக்கி வைத்தது, சட்டையை விறைப்பாக நிறுத்தும் எலும்புப் பட்டைகளைப் பிடித்தது எல்லாம் கை. மிஷின் தையல் இருந்தால் 1850களுக்குப் பிந்தையது எனலாம். அதுவும் பின்னாளில் யாரும் பிரித்துத் தைத்த இடமாக இல்லாதபோதுதான். கைத்தையலை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது.

காலத்தைச் சொல்வது வெட்டு. 1850களில் இடுப்பு குட்டையாக இருக்கும். தோள் தையல் முதுகுப் பக்கம் சரிந்து, கை தோளுக்குக் கீழே தொடங்கும். இந்தச் சட்டையோ இடுப்பைத் தாண்டி இறங்கி, உறைபோல உடம்போடு ஒட்டுகிறது. 1870களின் பிற்பாதியில் வந்த வெட்டு அது.

லைனிங் தைத்த விதத்தை நீங்கள் பார்க்கவேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. வெளியே பட்டுத் துணியையும் உள்ளே பருத்தித் துணியையும் தனித்தனிச் சட்டையாகத் தைத்து உள்ளே நுழைக்கவில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் அதே அளவுப் பருத்தியை வைத்து, நூலோட்டிப் பிடித்து, இரண்டையும் ஒரே துணியாகப் பாவித்து இணைத்திருக்கிறார்கள். அதனால் தையலின் ஓரங்கள் எல்லாம் உள்ளே திறந்தே கிடக்கின்றன. நமக்கு அது அதிர்ஷ்டம்: எதையும் பிரிக்காமலே எல்லாம் தெரிகிறது.

எலும்புப் பட்டை என்றேனே, அது எலும்பே இல்லை. சிலவகைத் திமிங்கிலங்களின் வாயில் சீப்புப்போலத் தொங்கும் தகடு; நம் நகம் எந்தப் பொருளோ அதே பொருள். அதை நாடா உறைகளில் செருகி, உறையைத் தையலின் ஓரத்துணியோடு மட்டும் பிடித்திருக்கிறார்கள். பட்டில் ஊசி ஏறவே இல்லை. வெளியே ஒரு புள்ளி தெரியாது. இடுப்பில் இன்னொரு வேலை. உள்ளே ஒரு கெட்டி நாடா, முதுகுத் தையல்களில் மட்டும் பிடித்து, முன்னால் தனிக் கொக்கியோடு. முதலில் அதை மாட்டிக்கொண்டால் சட்டை மேலே ஏறாது, பொத்தான்களில் இழுப்பும் விழாது. நல்ல தையல்காரி என்று நான் முடிவு செய்தது இந்த நாடாவைப் பார்த்துத்தான்.

அந்தச் சட்டையைப் போட்டுப் பார்த்தீர்களா என்று வேறு சிலர் கேட்டிருந்தார்கள். கூடவே கூடாது. நூலில் இயற்கையாக இருக்கும் பசையை நீக்கும்போது பட்டு எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழக்கும். அதை ஈடுகட்ட அந்தக் காலத்தில் வெள்ளீய உப்புகளில் ஊறவைத்தார்கள். அப்படி எடையேற்றிய பட்டு காலப்போக்கில் தானாகவே கீறிப்போகும். தொங்கவிடுவதுகூட ஆபத்து, படுக்கவைத்துத்தான் பார்க்கவேண்டும்.

உங்களுக்கென்றே ஒன்றைச் சொல்ல வைத்திருந்தேன். அக்குளுக்குக் கீழே, இப்போதிருக்கும் தையலிலிருந்து உடம்புப் பக்கமாக அரை அங்குலம் தள்ளி, வெறும் ஊசித்துளைகள் ஒரு வரிசையாக ஓடுகின்றன. மிஷின் போட்ட துளைகள், ஒரே சீரான இடைவெளி. புதிய தையல் கையால், வேறு நிற நூலில். யாரோ பழைய தையலைப் பிரித்துச் சட்டையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். உள்ளே இன்னும் முக்கால் அங்குலத் துணி மிச்சமிருக்கிறது.