தக்காளிக் கூடையும் ஞாயிறு ஜெபமும்

சகோதரரே, மாட்டுத்தாவணிச் சந்தையில் தக்காளிக் கூடையைத் தவறவிட்ட சுமைதூக்கும் தொழிலாளியை அவருடைய தாயையும் சேர்த்துத் திட்டிவிட்டதாகவும், "இந்த வாயால்தான் ஞாயிறு ஜெபம் நடத்துகிறீர்களா?" என்று அவர் கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஜெபம் நடத்துவதை நிறுத்திவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறது மத்தேயு 5:23-24. ஒரே வாயிலிருந்து துதியும் சாபமும் புறப்படுவதை யாக்கோபு 3:10 கண்டிக்கிறது. அதையே அந்தத் தொழிலாளி எந்தப் பிரசங்கியாரையும்விடத் தெளிவாகக் கேட்டிருக்கிறார்.

நாளை விடியற்காலை, லாரியிலிருந்து சரக்கு இறங்கும் நேரத்திலேயே போங்கள். திட்டியது நாலு பேர் முன்னால், மன்னிப்பும் அங்கேயேதான். தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்து முடிக்கப் பார்க்காதீர்கள். (நானும் ஒருமுறை அப்படிச் செய்தேன், டீ மட்டும்தான் தீர்ந்தது.) "கோபத்தில் வந்துவிட்டது, ஆனாலும் நீங்களும் கொஞ்சம் கவனமாக..." என்று இழுக்கவும் வேண்டாம்.

நசுங்கிய தக்காளிக்காகக் கூலியில் 200 ரூபாய் பிடித்ததைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று அதே யாக்கோபு 5:4-இல் எழுதுகிறார். போகும்போது அந்தப் பணத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்.