பதக்கத்துக்குப் புளி போடாதீர்கள்
வாசகர் கேள்வி – பதில்

*கேள்வி: எங்கள் அம்மப்பா 1948இல் படையில் சேர்ந்து 1970இல் ஓய்வுபெற்றவர். 96 வயதில் காலமாகிவிட்டார். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு (நினைவு மலர்) அடிக்கிறோம். "இலங்கை இராணுவத்தில் மேஜராக 22 ஆண்டுகள்" என்று போடச் சொல்கிறார் மாமா. ட்ரங்குப் பெட்டியில் இருந்த சேவைப் புத்தகத்தில் சார்ஜன்ட் மேஜர் என்று இருக்கிறது. எதைப் போடுவது?*
— வாசகி, புளியங்குளம்

பதில்: புத்தகத்தில் உள்ளதையே போடுங்கள். மேஜர் என்பது ஆணை பெற்ற அதிகாரியின் தரம். சார்ஜன்ட் மேஜர் என்பது வாரண்ட் அதிகாரிக்குக் கொடுக்கப்படும் பொறுப்பு. சிப்பாயாகச் சேர்ந்து, லான்ஸ் கோப்ரல், கோப்ரல், சார்ஜன்ட் என்று ஒவ்வொரு படியாக ஏறினவர்தான் அந்த இடத்துக்கு வரலாம். பாசத்தில் "மேஜர்" என்று உயர்த்தினால், 22 வருடம் உழைத்து அவர் எடுத்த பேர் அழிந்துபோகும். கல்வெட்டுகளில் நாங்கள் அடிக்கடி காணும் பிழை இது.

இன்னொரு பிழையும் உங்கள் வரியில் உண்டு. இராணுவம் தொடங்கப்பட்டது 10.10.1949 அன்று. அதற்கு முன் இருந்தது இலங்கைப் பாதுகாப்புப் படை. 1948இல் சேர்ந்தவர் அதில்தான் சேர்ந்திருப்பார். வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளுக்காக ஆங்கிலப் பக்கமும் சேர்ப்பதென்றால், 1972 வரை பெயர் சிலோன் ஆர்மிதான் என்பதைக் கவனியுங்கள். தமிழில் சிலோனும் ஸ்ரீ லங்காவும் "இலங்கை" என்பதால் இந்தப் பிழை கண்ணில் படாது.

படை இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு, சேர்ந்த திகதி, ஓய்வுபெற்ற திகதி என்ற ஒழுங்கில் ஒரே வரியாகப் போட்டால் போதும். திதி வெண்பா பாடுபவருக்கு இறந்த திகதியோடு நேரத்தையும் கொடுங்கள். திதி நடுப்பகலிலும் மாறும், நடு இரவிலும் மாறும். வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்பதையும் முதலே சொல்லிவிடுங்கள், இரண்டிலும் நேரம் வேறுபடும். நடுவில் கம்பி அடித்துக் கட்டும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும். இல்லையென்றால் கடைசியில் வெற்றுப் பக்கம் நிற்கும்.

*கேள்வி: பூட்டனுடைய இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்கள் மூன்று எங்களிடம் உண்டு. கறுத்துப்போய்க் கிடக்கின்றன. குத்துவிளக்குக்குப் போடுவதுபோல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கலாமா? கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட ஆசை.*
— வாசகர், முள்ளியவளை

பதில்: வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில் நட்சத்திர வடிவில் இருப்பது 1939–45 நட்சத்திரம். செம்பும் துத்தநாகமும் கலந்தது. வட்டமான மற்ற இரண்டும் பாதுகாப்புப் பதக்கமும் போர்ப் பதக்கமும். அவை செம்பும் நிக்கலும் கலந்தவை. புளியின் அமிலம் செம்பின் மேற்பரப்பைத் தின்னும். ஒரு கிழமை பளபளக்கும், பிறகு புள்ளி புள்ளியாகக் கறுக்கும். சாம்பல் அரைத்துத் தேய்த்தால் அரசரின் முகத்தில் மூக்கும் காதும் மழுங்கும். சில பதக்கங்களில் விளிம்பைச் சுற்றி இலக்கமும் பெயரும் பொறித்திருக்கும். அது தேய்ந்தால் பதக்கம் யாருடையதென்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. பித்தளை மினுக்கும் திராவகமும் இதே வேலையைத்தான் செய்யும். அந்தக் கறுப்பு அழுக்கல்ல. உலோகத்தின் மேல் தானாகப் படிந்த காப்பு, இருக்கட்டும்.

பழைய பருத்தி வேட்டித் துண்டால், நாடாவில் படாமல், உலர் நிலையில் மெதுவாகத் துடைத்தால் போதும். நாடாவைக் கழுவக் கூடாது, சாயம் ஒன்றுக்குள் ஒன்று ஓடிவிடும். நைந்திருந்தாலும் எறியாதீர்கள். புது நாடா போடுவதென்றால் 32 மில்லிமீற்றர் அகலத்தில் வாங்கி, பழையதை ஒரு காகித உறையில் பதக்கத்தோடு வையுங்கள்.

சட்டத்தில் வரிசை முக்கியம். பார்ப்பவரின் இடது கையிலிருந்து முதலில் நட்சத்திரம், அடுத்து பாதுகாப்புப் பதக்கம், கடைசியில் போர்ப் பதக்கம். பசை பூசி ஒட்டாமல், பருத்தித் துணியில் நூலால் தைத்து நிறுத்துங்கள். கடையில் விற்கும் பி.வி.சி. உறைக்குள் போட்டால் இரண்டு மாரிக்குள் பச்சைத் தூள் கிளம்பும். அந்தப் பிளாஸ்ரிக் வெக்கையில் அமிலம் கக்குவதுதான் காரணம். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரும் அடுப்படிச் சுவரும் ஆகாது. மாரியில் சுவர் ஊறும் என்பதால், சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் தக்கை ஒட்டிக் காற்றுக்கு வழி விடுங்கள். சோளகத்தில் வரும் செம்மண் தூள் புகாமல் கண்ணாடி விளிம்பை ஒட்டு நாடாவால் அடைக்க வேண்டும்.

நினைவு நாளில் பிள்ளைகள் அணிய விரும்பினால் வலது நெஞ்சில் குத்தலாம். இடது நெஞ்சு பதக்கத்தைப் பெற்றவருக்கு மட்டும் உரியது. பெட்டியில் துப்பாக்கி ரவை ஏதாவது கிடந்தால் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள். எத்தனை வருடம் கிடந்தாலும் அது வெடிக்கலாம்.

*கேள்வி: 2009இல் இடம்பெயர்ந்தபோது அப்பப்பாவின் எல்லாப் பத்திரங்களும் போய்விட்டன. மிஞ்சியது சீருடையில் நிற்கும் ஒரு படமும் அப்பம்மாவுக்கு வரும் ஓய்வூதியமும்தான். அவருடைய சேவையை எப்படி அறிவது?*
— வாசகர், தர்மபுரம்

பதில்: ஓய்வூதியம் வருகிறதென்றால் கோப்பு இருக்கிறது. அப்பம்மாவின் ஓய்வூதிய இலக்கத்தோடும் அடையாள அட்டையோடும் பிரதேச செயலகத்தில் ஓய்வூதியப் பிரிவுக்குப் போங்கள். அங்கே அப்பப்பாவின் படை இலக்கத்தைக் கேட்டு எழுதுங்கள். அந்த இலக்கம் இல்லாமல் இராணுவத் தலைமையகத்துக்கு எழுதினால், ஒரே பெயரில் பல பேர் இருப்பதால் கடிதம் சுற்றிச் சுற்றி வரும். அவர் ஆணை பெற்ற அதிகாரியாக இருந்திருந்தால் நியமனமும் பதவி உயர்வும் வர்த்தமானியில் வந்திருக்கும். பழைய வர்த்தமானிகளைக் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம்.

படமும் பேசும். கைச்சட்டையில் ஒரு கோடு லான்ஸ் கோப்ரல், இரண்டு கோப்ரல், மூன்று சார்ஜன்ட். தொப்பிச் சின்னத்தை மட்டும் 1200 டிபிஐயில் ஸ்கான் பண்ணிப் பெரிதாக்கினால் படைப்பிரிவு தெரியவரும். பதக்க நாடா அவருடைய வலது நெஞ்சில், அதாவது பார்ப்பவருக்கு இடப்பக்கம், தெரிகிறதென்றால் படம் திருப்பி அச்சானது, முதலில் அதை நேராக்குங்கள். கண்ணாடியில் ஒட்டிப்போயிருந்தால் உரிக்க வேண்டாம், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடேயே ஸ்கான் பண்ணலாம். லமினேட் ஒருநாளும் பண்ணாதீர்கள். சூட்டில் ஒட்டினதைத் திரும்பப் பிரிக்க வழியில்லை.

*கேள்வி: அப்பாவுக்கு ஒரு நினைவுக்கல் வைக்க விருப்பம். போரில் ஆளிழக்காத வீடே எங்கள் ஊரில் இல்லை. இராணுவத்தில் இருந்தவர் என்று எழுதினால் மற்றவர்கள் மனம் நோகுமோ என்று பயமாக இருக்கிறது.*
— வாசகி, நெடுங்கேணி

பதில்: உங்கள் யோசனை நியாயமானது. அவர் 1952 முதல் 1974 வரை இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு ஆண்டுகளையும் பதவியின் அளவிலேயே பெரிதாக வெட்டுங்கள். வன்னியில் கல்லைப் பார்ப்பவர் கண் முதலில் ஆண்டைத்தான் தேடும். ரெயில்வேக்கும் தபாலுக்கும் போனதுபோல் தமிழ்ப் பிள்ளைகள் படைக்கும் போன காலம் அது. 1955இல் அந்த இராணுவத்துக்குத் தளபதியான முதல் இலங்கையரே ஒரு தமிழர், அன்ரன் முத்துக்குமாரு. துப்பாக்கி, வாள் உருவம் வேண்டாம். பெயரும் படைப்பிரிவுச் சின்னமும் போதும். பொது இடத்தில் வைக்காமல் குடும்பக் காணியில் வையுங்கள். மயானத்தில் என்றால் பிரதேச சபையிடம் எழுத்தில் அனுமதி எடுக்க வேண்டும், இரு பக்கத்துக் கல்லறைக்காரரிடமும் ஒரு சொல் கேளுங்கள்.

உலகப் போர்களில் இறந்த படையினரின் கல்லறைகளைப் பராமரிக்கும் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் கல் தராது. 31.12.1947 வரை சேவையிலோ அதன் காரணமாகவோ இறந்தவர்களுக்கே அது. ஆனால் அவர்களுடைய அளவைப் பின்பற்றலாம்: தரைக்கு மேல் 813 மில்லிமீற்றர் உயரம், 381 அகலம், 76 தடிப்பு. தரைக்குப் போடும் 18 மில்லிமீற்றர் கல் பலகையை நிறுத்தி வைத்தால் ஒரு மாடு உரசினாலே உடையும். பெயின்ற் எழுத்து வெயிலில் வெளிறும், ஆகவே குழியாக வெட்டச் சொல்லுங்கள். எழுத்து 25 மில்லிமீற்றரிலும் சின்னதானால் மெய்யெழுத்தின் புள்ளி தெறித்துப்போகும். குழி தோண்டும் காணி கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்ததுதானா என்று கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தாமல் மண்வெட்டி போடாதீர்கள்.

வெட்டுவதற்கு முன் முழு அளவில் காகிதத்தில் எழுதுவித்து, சுவரில் ஒட்டி, வீட்டில் மூன்று பேர் தனித்தனியாக எழுத்தெழுத்தாக வாசியுங்கள். ன, ண. ர, ற. ல, ள, ழ. கல்வெட்டுபவர் தமிழ் தெரியாதவராக இருந்தால் கால் எழுத்தும் ரகரமும் அவருக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.