பழைய சூப்பர்சார்ஜரை வாங்கும் முன் ஆயில் பேனைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 1951 மாடல் செவ்ரோலெட் பிக்கப் டிரக் இருக்கிறது. அதில் இப்போது இருப்பது 1954-ஆம் ஆண்டின் 235 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின் என்று எனக்கு விற்றவர் சொன்னார். 1950-களைச் சேர்ந்த மெக்கல்லக் விஎஸ்57 சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் கருவி) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. "ரீபில்ட் செய்தது, ஒரு வார இறுதியில் மாட்டிவிடலாம்" என்கிறார் அதை விற்பவர். பிஸ்டன் உருகிவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். என் எஞ்சின் தாங்குமா?

பதில்: நீங்கள் சொல்லும் எஞ்சின்தான் உண்மையில் உள்ளே இருக்கிறது என்றால், தாங்கும். இந்தச் சூப்பர்சார்ஜர் தரும் அதிகபட்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 5 பவுண்டுதான். 1954-இல் கெய்சர் நிறுவனம் தன் மன்ஹாட்டன் காரின் 226 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினில் மெக்கல்லக் சூப்பர்சார்ஜரையே தொழிற்சாலையில் பூட்டி விற்றது. 118 குதிரைத்திறன் 140 ஆயிற்று. நீங்களும் அந்த அளவு ஏற்றத்தை எதிர்பார்க்கலாம். அதைவிடப் பெரிய எண்ணை யாராவது சொன்னால் அவர் விற்பனையாளராகத்தான் இருப்பார்.

ஆனால் "என்றால்" என்று நான் எழுதிய சொல்லைக் கடந்துபோய்விடாதீர்கள். செவ்ரோலெட்டின் பழைய ஆறு சிலிண்டர் எஞ்சின்களில், 216 கன அங்குலம் ஆனாலும் முந்தைய 235 ஆனாலும், பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளுக்கு அழுத்தத்தில் எண்ணெய் போவதில்லை. ஒவ்வொரு ராடின் அடி மூடியிலும் சிறு அகப்பை போன்ற ஒரு துண்டு இருக்கும். அது எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் பேனில் உள்ள தொட்டியிலிருந்து எண்ணெயை வாரிக்கொண்டு சுழலும். பேரிங்கும் தனியாகக் கழற்றி மாற்றும் வகையன்று. பாபிட் என்ற மென்மையான உலோகக் கலவையை ராடிலேயே உருக்கி ஊற்றிக் கடைந்திருப்பார்கள். இந்த அமைப்பு நிதானமாக ஓடும் வண்டிக்கு ஆண்டுக்கணக்கில் உழைத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு வெடிப்பிலும் கூடுதல் சுமையைப் பிஸ்டன் வழியாக ராடின் மேல் இறக்கினால் முதலில் போவது இந்த பாபிட்தான். அதை மறுபடி ஊற்றித் தரத் தெரிந்த பட்டறைகளோ அருகிவிட்டன.

இதில் ஒரு விலக்கு உண்டு. ஏமாற்றுவோர் பிடித்துக்கொள்வதும் அதைத்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1953-இல், பவர்கிளைடு என்ற தானியங்கி கியர்பெட்டி பூட்டிய கார்களுக்கு மட்டும் முழு அழுத்த எண்ணெய் ஓட்டமும் மாற்றத்தக்க பேரிங்கும் கொண்ட 235 எஞ்சினைச் செவ்ரோலெட் கொடுத்தது. அதே 1953-இல் கைக்கியர் கார்களுக்கும் டிரக்குகளுக்கும் பழைய அகப்பை முறையே தொடர்ந்தது. 1954 முதல்தான் டிரக்குகளும் புதிய முறைக்கு வந்தன. ஆகவே 1953-ஆம் ஆண்டு 235 ஒன்றைக் காட்டி, "அந்த ஆண்டிலிருந்தே எல்லாம் முழு அழுத்தம்தான்" என்று ஒருவர் சொன்னால், அவர் பாதி உண்மையைச் சொல்லி முழு விலை கேட்கிறார். உங்கள் எஞ்சின் 1954-ஐச் சேர்ந்தது என்பதும் இப்போதைக்கு வாய்ச்சொல் மட்டுமே.

சரிபார்ப்பது கடினமன்று. எஞ்சின் பிளாக்கில் வார்ப்பிலேயே வந்துள்ள இலக்கத்தையும் அச்சடித்த இலக்கத்தையும் குறித்துக்கொண்டு ஒப்பிடலாம். அதைவிட உறுதியான வழி, எண்ணெயை வடித்து ஆயில் பேனைக் கழற்றுவது: ராடு மூடிகளில் அகப்பைகளும் பேனுக்குள் தொட்டிகளும் கண்ணில் பட்டால் சூப்பர்சார்ஜர் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள். பேனைக் கழற்றும் முன் ஒரு குறிப்பு உங்கள் டாஷ்போர்டிலேயே கிடைக்கலாம். 1951 டிரக்கின் எண்ணெய் அழுத்தமானி 30 வரைதான் காட்டும். பிந்தைய எஞ்சின் உள்ளே இருந்து மானி மட்டும் பழையதாக இருந்தால், ஓடும்போது முள் வலது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். வால்வு மூடியின் தோற்றத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மூடிகளை மாற்றி மாட்டியே பல எஞ்சின்கள் ஆண்டு கூடியும் குறைந்தும் விற்கப்படுகின்றன.

இனி உங்கள் நண்பர்களின் பயத்துக்கு வருகிறேன். பிஸ்டன் உருகுவது உண்மைதான், ஆனால் 5 பவுண்டு காற்று அதை உருக்குவதில்லை. அந்தக் காற்றுக்கு ஈடான பெட்ரோல் வராமல் போவதே உருக்குகிறது. உங்கள் வண்டியின் மெக்கானிக்கல் பம்ப் ஏறத்தாழ 4 பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. இவ்வகைச் சூப்பர்சார்ஜர் கார்புரேட்டரின் மேலிருந்து காற்றை ஊதுவதால், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் கிண்ணத்துக்குள்ளும் 5 பவுண்டு அழுத்தம் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. நாலு பவுண்டு ஐந்து பவுண்டை எதிர்த்து எப்படி உள்ளே போகும்? மேடேறும்போது, மிதி முழுவதும் அழுத்தியிருக்கும் அந்த நேரத்தில், கிண்ணம் காலியாகி, கலவை வறண்டு, வெப்பம் ஏறி, கலவை நேரமல்லாத நேரத்தில் வெடிக்கும் நாக்கிங் தொடங்கிப் பிஸ்டன் தலையில் ஓட்டை விழுகிறது. ஆகவே ஊதும் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு பெட்ரோல் அழுத்தமும் கூடவே ஏறும் ஏற்பாடு கட்டாயம் வேண்டும். பெட்ரோலைத் தள்ளும் டயாஃப்ரம் என்ற சவ்வின் பின்புற அறை நன்கு அடைக்கப்பட்டு, கார்புரேட்டர் மூடியிலிருந்து ஒரு சிறு குழாய் அதற்கு வரும்படியான பம்ப் ஒரு வழி. மின்சார பம்பும், பூஸ்ட் எனப்படும் அந்த ஊதும் அழுத்தத்தை உணரும் ரெகுலேட்டரும், டாங்குக்குத் திரும்பும் குழாயும் மற்றொரு வழி. இன்று பொருத்துபவருக்கு இரண்டாவதே எளிது. கார்புரேட்டரில் உள்ளீடற்ற பித்தளை ஃப்ளோட் இருந்தால் அது அழுத்தத்தில் நசுங்கக்கூடும், மாற்றிவிடுங்கள். த்ராட்டில் தண்டு தேய்ந்து ஆடினால், சாதாரண எஞ்சினில் அது காற்றை உள்ளே இழுப்பதோடு போகும். இங்கே பெட்ரோல் கலந்த காற்றைச் சூடான எஞ்சினின் மேல் வெளியே பீய்ச்சும். தீ பிடிக்க வேறொன்றும் வேண்டாம்.

சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற அழுத்த விகிதத்துக்கு ஒரு சிறு கணக்கு போதும். 5-ஐ வளிமண்டல அழுத்தமான 14.7-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 1.34 வரும், 1954 டிரக் எஞ்சினின் 7.5 விகிதத்தை இதனால் பெருக்கினால் ஏறத்தாழ 10. நல்ல ஆக்டேன் பெட்ரோலும், பவுண்டுக்கு ஒரு டிகிரி வீதம் பின்தள்ளிய இக்னிஷன் டைமிங்கும் இருந்தால் இது சமாளிக்கத்தக்கது. முன்பு யாராவது சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவியிருந்து விகிதம் 8-ஐத் தொட்டிருந்தால் இது 10.7-க்குப் போய்விடும்; அங்கே எனக்குத் துணிவில்லை. ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த வகையாக இருக்கட்டும். வைப்பருக்கு எஞ்சின் வெற்றிடத்திலிருந்து குழாய் போகிறது அல்லவா, அதில் ஒருவழி வால்வு வையுங்கள். இல்லையேல் பூஸ்ட் வைப்பர் மோட்டாருக்குள் புகுந்து அதைக் கெடுத்துவிடும்.

விற்பவர் சொல்லும் "ரீபில்ட்" என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் மணல் அடித்துப் பளபளவென்று பெயின்ட் பூசியது என்பதே பொருள். விஎஸ்57-இன் உள்ளே பற்சக்கரம் கிடையாது. எஃகு உருண்டைகள் ஒன்றையொன்று பற்றிச் சுழன்றுதான் வேகத்தை நாலு மடங்குக்கு மேல் உயர்த்துகின்றன. அந்த உருண்டைகளிலும் அவை ஓடும் வளையங்களிலும் குழி விழுந்திருந்தால் பெயின்ட் என்ன செய்யும்? பிரித்துப் போட்ட நிலையில் எடுத்த படங்களையும், எந்தெந்த உருண்டை, வளையம், சீல் மாற்றப்பட்டன என்ற பில்லையும் கேளுங்கள். புல்லியைக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். விசிறி நாலு சுற்றுக்கு மேல், வழவழவென்று, எங்கும் தட்டாமல் வர வேண்டும். கூட்டின் உட்சுவரில் விசிறி உரசிய கோடு தெரிந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். "இதற்கு என்ன எண்ணெய் ஊற்றுவது?" என்றும் கேட்டுப் பாருங்கள். இன்று இவ்வகைக்குப் பரவலாகப் பரிந்துரைக்கப்படுவது டைப் எஃப் தானியங்கி கியர் எண்ணெய்; வழுக்கலைக் கூட்டும் எண்ணெயில் உருண்டைகளுக்குப் பிடிப்பு கிடைக்காது. "எஞ்சின் ஆயில் எதுவானாலும் சரி" என்று பதில் வந்தால் அவர் அதைத் திறந்ததே இல்லை.

இதைவிடக் கொடுமை இடைத்தரகர்களின் வேலை. முழுக் கிட்டாகக் கிடைப்பதை உடைத்து, சூப்பர்சார்ஜரை ஒருவருக்கும், பிராக்கெட்டை இன்னொருவருக்கும், கார்புரேட்டர் மூடியை மூன்றாமவருக்கும் விற்பார்கள். தனித்தனியாக விற்றால் கூடுதல் காசு. உங்களிடம் மிஞ்சுவது வி8 எஞ்சினுக்கான பிராக்கெட்டாக இருக்கும்; "ஆறு சிலிண்டருக்கும் பொருந்தும்" என்ற உறுதி வாயளவில் கூடவே வரும். அரை அங்குலம் பெல்ட் கோணினாலும் அது நிலைக்காது. பெல்ட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று: இந்த எஞ்சின்கள் பலவற்றில் கிராங்க் ஷாஃப்டின் முன் புல்லி அடித்து இறுக்கியதாக மட்டும் இருக்கும், முனையில் போல்ட் இருக்காது. சூப்பர்சார்ஜர் பெல்ட்டின் இழுவையில் அது முன்னோக்கி நழுவி ரேடியேட்டரைக் கிழிக்கலாம். ஷாஃப்ட் முனையில் துளையிட்டு மரையேற்றி போல்ட் போடாமல் பெல்ட்டை மாட்டாதீர்கள். "ஒரு வார இறுதி" என்பதில் இந்த வேலையை எவரும் சேர்ப்பதில்லை.

காகித வேலையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. கலிஃபோர்னியாவில் 1975 மற்றும் அதற்கு முந்தைய மாடல் பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை கிடையாது. மற்ற மாநிலங்களின் விதியை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவியுங்கள்; தெரிவிக்காவிட்டால் விபத்து நாளில் அதுவே அவர்களுக்குப் போதிய சாக்கு. குதிரைத்திறன் எவ்வளவு கூடியது என்று படிவத்தில் கட்டம் போட்டுக் கேட்பவர்கள், ஒரே அறை கொண்ட பிரேக் மாஸ்டர் சிலிண்டரோடும் நாலு பிரேக் டிரம்மோடும் அந்த வண்டி எப்படி நிற்கும் என்று ஒரு வரி கூடக் கேட்பதில்லை. நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள், இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரைச் சூப்பர்சார்ஜருக்கு முன்பே வாங்குங்கள்.

எல்லாம் சரியாக அமைந்தால், பூஸ்ட் மானியையும் பெட்ரோல் அழுத்த மானியையும் அருகருகே பொருத்துங்கள். பெட்ரோல் குழாயை ஓட்டுநர் அறைக்குள் கொண்டுவராமல், வெளியே உணர்கருவி வைத்து மின்கம்பி வழியாக மட்டும் அளவை உள்ளே வாங்குங்கள். முதல் ஓட்டத்தில் பெட்ரோல் முள் பூஸ்ட் முள்ளைவிட எப்போதும் 3 அல்லது 4 பவுண்டு முன்னால் இருக்க வேண்டும். அந்த இடைவெளி சுருங்கத் தொடங்கினால், மேடாக இருந்தாலும் பின்னால் வண்டி வந்தாலும், மிதியிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.